தண்ணீர் காக்கும் மரப்பாதை

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரின் கிழக்கு ஓரத்தில் ஒரு குளம் இருக்கிறது. கரையெல்லாம் நாணல். வாத்துகள் குஞ்சுகளோடு நீந்துகின்றன. நீர்மேல் தட்டான்கள் நின்று நின்று பறக்கின்றன. பாசனத்துக்கோ குடிநீருக்கோ மீன் வளர்க்கவோ உண்டாக்கிய குளம் இல்லை அது. அதன் அடியில், சேற்றுக்குள், 3,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கோடரியால் கூராக்கி நட்ட மரங்கள் கிடக்கின்றன. அந்த மரங்கள் காய்ந்துவிடக் கூடாது. அதற்காகவே தேக்கி வைத்த தண்ணீர். இடத்தின் பெயர் ஃபிளாக் ஃபென்.

தோண்டி எடுத்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ‘தொடாதே’ என்று பலகை மாட்டிக் காப்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்தாயிற்று. தோண்டாமலே விட்டு, மேலே தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரில் பறவைகளையும் குடியேற்றிக் காப்பதை அங்கேதான் பார்த்தேன்.

எனக்கு ஊர் ராமகுப்பம். சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி. ஒரு பக்கம் கர்நாடகம், மறுபக்கம் தமிழ்நாடு. சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்குகிற ஊர். கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே, பாறையும் கரடும் கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்புமாக இருக்கும். கர்நாடகத்திலிருந்து வரும் பாலாறு ஆந்திராவுக்குள் 33 கிலோமீட்டர் ஓடுவது எங்கள் பக்கமாகத்தான். ஓடுகிறது என்பது ஆற்றுக்குக் கொடுக்கும் மரியாதை. பல ஆண்டுகள் மணல்தான் கிடக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, நிலம் முழுக்கக் கடல் மட்டத்துக்குக் கீழேயும் கொஞ்சம் மேலேயுமாகப் படுத்துக் கிடக்கிற ஒரு நாட்டுப்புறத்தைப் பார்த்தாலே முதல் ஆச்சரியம் தொடங்கிவிடும்.

பீட்டர்பரோவில் என் அக்கா மகன் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். ஃபிளாக் ஃபென் போகலாம் என்றதும் முகத்தைச் சுளித்தான்.

“மாமா, பெரிய தேவாலயம் இருக்கு, கேம்பிரிட்ஜ் பக்கத்துலதான் இருக்கு. அங்க போய் என்ன பாப்பீங்க? வெறும் சேறு.”

“சேத்தத்தான்டா பாக்கணும்.”

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பீட்டர்பரோ. அதற்குக் கிழக்கே விரிவது ஃபென் எனப்படும் பழைய சதுப்பு நாடு. மலை என்று விரல் நீட்ட ஒரு மேடு கூடக் கிடையாது. வானம் தரை வரை இறங்கி நிற்கிறது. மண் கன்னங்கரேல் என்று இருக்கிறது. நாணலும் பாசியும் புல்லும் நீருக்குள் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டான மண் அது, பீட் என்பார்கள். கோதுமையும் உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்ரூட்டும் அதில் பொங்கி விளைகின்றன. வாய்க்கால்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. பாசன வாய்க்கால் என்றுதான் நமக்குத் தோன்றும். எல்லாம் வடிகால். தண்ணீரைக் கொண்டுவர வெட்டியவை அல்ல, துரத்த வெட்டியவை.

17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு பிரபுவும் அவரோடு பணம் போட்டவர்களும் வெர்மைடன் என்ற டச்சுக்காரரை வைத்து இந்தச் சதுப்பை வடிக்கத் தொடங்கினார்கள். முதலில் காற்றாலை, பிறகு நீராவி எந்திரம், பிறகு டீசல், மின்சாரம். நீர் வடிய வடிய பீட் மண் சுருங்கியது. காற்றுப் பட்டதும் மக்கியது. காற்றில் பறக்கவும் செய்தது. இதை அளந்து காட்டும் சாட்சி ஒன்று பீட்டர்பரோவுக்குத் தெற்கே ஹோம் ஃபென் காட்டில் நிற்கிறது. பக்கத்திலிருந்த விட்டில்சீ ஏரியை 1851இல் வற்ற வைத்தபோது, மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க அங்கே ஒரு கம்பத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் புதைத்தார்கள். இன்று அதன் தலை தரைக்கு மேலே ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பம் வளரவில்லை. நிலம் அவ்வளவு கீழே போய்விட்டது. இங்கிலாந்திலேயே மிகத் தாழ்ந்த நிலம் இப்போது அதுதான்.

அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்த பிறகு ஃபிளாக் ஃபென்னுக்குப் போனால்தான் அங்கே எதை எதிர்த்துப் போராடுகிறார்கள் என்று புரியும்.

போகும் வழியில் தொழிற்பேட்டை, கிடங்குகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். தொல்லியல் தலத்துக்குப் போகும் பாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசலைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. புல்வெளியில் காட்டுப் பூக்கள். சிறிய, பழுப்பு நிறச் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. சோயே என்ற பழைய இனம். வெண்கலக் கால மக்கள் வளர்த்த ஆடுகளுக்கு நெருங்கிய சாயல் கொண்டது என்று அதைத் தேர்ந்து விட்டிருக்கிறார்கள். மரச்சட்டமும் மண்பூச்சும் கூரைவேய்ச்சலுமாகப் பழைய முறையில் கட்டிய வட்ட வீடுகள் நிற்கின்றன. உள்ளே குனிந்து நுழைந்தால் நடுவில் அடுப்பு, புகை படிந்த கூரை. அக்கா மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, “நம்ம தாத்தா வீட்டு மாட்டுக் கொட்டாய் இப்பிடித்தானே மாமா இருக்கும்” என்றான். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதன் பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டான்.

இந்த இடம் வெளிப்பட்ட கதையைத் தன்னார்வலராக வந்திருந்த ஒரு முதியவர் வாய்க்கால் கரையில் நிறுத்திச் சொன்னார். பிரான்சிஸ் பிரையர் என்ற தொல்லியலாளர் 1970களில் இதன் பக்கத்திலிருக்கும் ஃபென்கேட் பகுதியில் ஆண்டுக்கணக்காக அகழாய்வு செய்தவர். வயல் வரப்புகள், ஆட்டுப்பட்டிகள், பாதைகள் எல்லாம் கிடைத்திருந்தன. 1982இல், தூர்வாரிய வடிகால்களின் கரைகளை அவர் நடந்து நடந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வாய்க்கால் வெட்டு என்பது தொல்லியலாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் அகழாய்வுக் குழி. மஸ்ட்டைக் என்ற வாய்க்காலின் ஓரத்தில் ஒரு மரத்துண்டு காலில் இடறியது. எடுத்துப் பார்த்தார். கூராக்கிய முனை. அதில் ஒடுக்கமான வாய் கொண்ட கோடரி வெட்டிய தடங்கள். இரும்புக் கோடரி அப்படி வெட்டாது. வெண்கலக் கோடரி!

அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு போனதில் வெளிப்பட்டது ஒரு மரப்பாதை. ஃபென்கேட் கரையிலிருந்து சதுப்பைக் கடந்து நார்த்தீ என்ற மேட்டு நிலம் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஐந்து வரிசைகளில் நட்ட மரக்கம்பங்கள் சுமார் 60,000 இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுக்கு இடையே கிடைமட்டமாகப் போட்ட பலகைகளும் கழிகளும் லட்சக்கணக்கில். நடுவழியில் செயற்கைத் தீவுபோல் ஒரு பெரிய மர மேடை. மர வளையங்களை எண்ணிக் காலம் கண்டபோது, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் இதைக் கட்டியும் பழுது பார்த்தும் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நானூறு ஆண்டு என்றால் பதினைந்து தலைமுறைக்குக் குறையாது. தாத்தா நட்ட கம்பம் சாய்ந்தால் பேரன் பக்கத்தில் புதிதாக நட்டிருக்கிறான்.

பாதைக்குப் பக்கத்தில் கிடைத்த பொருள்கள் இன்னும் வியப்பு. வாள், குத்துவாள், ஈட்டி முனை, மோதிரம், ஆடை ஊசி என வெண்கலப் பொருள்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் பல வேண்டுமென்றே வளைத்தும் உடைத்தும் நீருக்குள் இடப்பட்டவை. தவறி விழுந்தவை இல்லை, காணிக்கை. மரப்பாதை பயனிழந்த பிறகும், இரும்புக் காலத்திலும் இந்தக் காணிக்கை தொடர்ந்திருக்கிறது.

“ரயில் பாலத்துல போகும்போது ஆத்துல காசு போடுவாங்களே, அந்த மாதிரியா மாமா?” என்று கேட்டான். முதியவரிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். “நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை உன் மருமகன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்” என்று சிரித்தார்.

வெண்கலம் எங்கும் நிலைக்கும். இங்கே அதிசயம் மரம்தான். மூன்று பலகைகளை இணைத்துச் செய்த ஒரு வண்டிச் சக்கரத்தின் பகுதி இங்கே கிடைத்தது, கி.மு. 1300 அளவினது. இங்கிலாந்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய சக்கரங்களில் ஒன்று. பிரையரின் மனைவி மெய்சி டெய்லர் பழங்கால மரவேலை ஆய்வில் பெயர் பெற்றவர். கம்பங்களில் உள்ள வெட்டுத் தடங்களைப் படித்தே எந்த மரத்தை எப்படிப் பிளந்தார்கள் என்று சொல்லிவிடுவார். உளி விழுந்த இடம், கோடரி வழுக்கிய இடம் எல்லாம் நேற்று வெட்டியதுபோல் இருக்கின்றன.

எப்படி இது சாத்தியம்? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும். நீர் ஊறிய பீட் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. அதனால் மரம் அழிவதில்லை. ஆனால் முழு வலுவோடும் இருப்பதில்லை. மூவாயிரம் ஆண்டுகளில் மரத்தின் செல்லுலோஸ் மெல்ல மெல்லக் கரைந்து, லிக்னின் என்ற கூடு மட்டும் நிற்கிறது. கூட்டுக்குள் தண்ணீர் நிறைந்து உருவத்தைத் தாங்குகிறது. வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் தண்ணீர் போகும், கூடு சுருங்கும், விரிசல் விடும், பிறகு தூள்தான். உள்ளே இருக்கும்வரை மூவாயிரம் ஆண்டு. வெளியே வந்தால் சில நாள்.

எனவே கண்டுபிடித்த அன்றே சிக்கலும் தொடங்கிவிட்டது. எந்த வாய்க்கால் இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததோ அதே வாய்க்கால்தான் இதன் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வயல்களுக்காக நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் தோண்டி எடுக்க முடியுமா? லட்சக்கணக்கான மரத்துண்டுகளைப் பதப்படுத்தப் பணமும் காலமும் தொட்டிகளும் எந்த நாட்டிடமும் கிடையாது. சுவீடனில் 1628இல் மூழ்கிய வாசா கப்பலை 1961இல் மேலே கொண்டுவந்தபின், மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை அதன்மேல் 17 ஆண்டுகள் தெளித்தார்கள். மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு போய் உட்கார வேண்டும், அதுதான் முறை. ஒரு கப்பலுக்கே அந்தப் பாடு.

ஃபிளாக் ஃபென்னில் வேறு வழி எடுத்தார்கள். ஒரு சிறு பகுதியை மட்டும் அகழ்ந்தார்கள். மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டார்கள். மர மேடை கிடக்கும் இடத்தின்மேல் கரை எழுப்பி நீரைத் தேக்கிச் செயற்கை ஏரி ஆக்கினார்கள். சுற்றிலும் நாணலும் புல்வெளியும் வளர விட்டார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து பொதுமக்கள் வந்து பார்க்கும் பூங்கா ஆனது. நாணலைத் தேடிப் பறவை வந்தது; நீரைத் தேடித் தட்டான் வந்தது. பார்க்க வருகிறவர்கள் வாத்துக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் காலடியில் வெண்கலக் காலம் நனைந்தபடி பத்திரமாக இருக்கிறது.

கண்ணால் பார்க்காமல் மனிதன் நம்ப மாட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்காக அகழ்ந்த குழியின்மேல் ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் ஈர வாடை. மரங்கள் கிடைத்த இடத்திலேயே, கிடந்த கோலத்திலேயே கிடக்கின்றன. அவற்றை நீர் தெளித்து நனைத்தே வைக்கிறார்கள். சுவர்களைச் சுற்றி அந்தக் காலத்துச் சதுப்பு நிலத்தை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் வெட்டிப் போட்ட சவுக்குக் கட்டை என்று சொன்னால் நம்பலாம்; அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. அந்தச் சாதாரணம்தான் என்னை அங்கிருந்து நகரவிடவில்லை. அரசன் கட்டியதாகக் கல்வெட்டு இல்லை, சிலை இல்லை, பொன் இல்லை. ஊர் கூடி நட்ட கம்பங்கள்.

ஈர மரத்தைக் காக்கும் இந்தத் திறமை மற்ற இடங்களுக்கும் உதவியது. 1998இல் நார்ஃபோக் கடற்கரையில் அலை மணலை அரித்ததில் 55 ஓக் மரக்கம்பங்கள் வட்டமாக நிற்பது தெரிந்தது. தலைகீழாகக் கவிழ்த்த ஒரு பெரிய வேர்க்கட்டை நடுவில். கி.மு. 2049இல் வெட்டிய மரங்கள் என்று ஆண்டு சுத்தமாகச் சொன்னார்கள். கடல் தின்பதற்குள் 1999இல் எடுத்து முதலில் கொண்டுவந்தது ஃபிளாக் ஃபென்னின் தொட்டிகளுக்குத்தான். 2011இல் பக்கத்து மஸ்ட் ஃபார்ம் செங்கல் மண் குவாரியில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழங்கால ஓடங்கள் கிடைத்தன. நீளமானது எட்டு மீட்டருக்கு மேல். அவற்றையும் இங்கேதான் குளிரூட்டிய கொட்டகையில் கிடத்தி மெழுகுக் கரைசல் தெளித்தார்கள். அந்த வேலை நடப்பதையே பொதுமக்கள் பார்க்கவும் வழி செய்தார்கள்.

எல்லாம் சுகம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. யார்க்ஷயரில் ஸ்டார் கார் என்று ஓர் இடம். 11,000 ஆண்டுப் பழமை. 1949 முதல் 1951 வரை அங்கே அகழ்ந்தபோது மான் கொம்புத் தலையணிகள் உறுதியாகக் கிடைத்தன. அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பத் தோண்டினால், வடிகாலால் நீர் இறங்கி, மண் அமிலமாகி, எலும்புகள் கொழகொழத்துப் போயிருந்தன. புதைந்தே இருந்தாலும் நீர் போனால் எல்லாம் போகும் என்பதற்கு அதுவே பாடம். ஃபிளாக் ஃபென்னிலும் ஏரி மூடியிருப்பது ஒரு பகுதியைத்தான். ஒரு கிலோமீட்டர் நீளப் பாதையின் மீதி, வடிகால்களின் தயவில் இருக்கிறது. மண்ணுக்குள் மரத்தின் நிலை என்ன என்று சோதிக்க 2012இல் ஓர் அகழாய்வு நடந்தது. அதற்கான பணத்தை இணையம் வழியே பொதுமக்களிடமே திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்கள் வந்து மண்வெட்டியும் பிடித்தார்கள்.

பெரிய மருந்து வேறு இடத்திலிருந்து வருகிறது. கிரேட் ஃபென் என்ற திட்டம் 2001இல் தொடங்கியது. ஹோம் ஃபென், வுட்வால்டன் ஃபென் என்ற இரண்டு இயற்கைக் காப்பகங்களுக்கு இடையே வயலாகிப்போன நிலத்தை வாங்கி, மெல்ல மெல்ல மறுபடியும் நனைத்து, 3,700 ஹெக்டேர் சதுப்பு நிலமாக ஆக்குவது நோக்கம். முந்நூறு ஆண்டு செலவழித்து வடித்த நீரை மறுபடி செலவழித்து உள்ளே விடுகிறார்கள். பறவைக்காகவும், பீட் மண் மக்கி வெளிவிடும் கரியமில வாயுவைத் தடுக்கவும் செய்யும் வேலை. அடியில் இன்னும் யாரும் பார்க்காத மரங்கள் கிடந்தால் அவற்றுக்கும் அதுவே காப்பு.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்து நினைப்பு. அங்கே சதுப்புக்குப் பறவைகள் வந்ததுபோல, இரண்டு நூற்றாண்டாக யானையே இல்லாதிருந்த எங்கள் காடுகளுக்கு 1980களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து யானைகள் வந்தன. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் உண்டானது. அதே மலைத்தொடர்ச்சியில் கொஞ்சம் தெற்கே போனால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம். குன்றின் மேல் கூட்டம் கூட்டமாகக் கற்திட்டைகள். பாண்டவர் வனவாசத்தில் இருந்த வீடு என்று ஊரார் சொல்வார்கள். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஃபிளாக் ஃபென்காரர்கள் வெண்கலக் கோடரி பிடிப்பதற்கு எண்ணூறு ஆண்டுக்கு முன்பே இங்கே இரும்பு இருந்திருக்கிறது. ஆனால் அந்த இரும்புக்குப் பிடி போட்ட மரம் எங்கே? அவர்கள் ஏறிப்போன வண்டி எங்கே, ஓடம் எங்கே? வெயிலும் கரையானும் தின்றன. நம் பழமை கல்லும் ஓடும் இரும்புமாக மட்டும் நமக்குக் கிடைப்பதால், மரமே இல்லாத மனிதர்களைப்போல அவர்களைக் கற்பனை செய்கிறோம்.

நம் நாட்டிலும் நீர் காத்துக் கொடுத்தது உண்டு. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007இல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் பி. ஜே. செரியான் தலைமையில் தோண்டியபோது, நீர் ஊறிய மண்ணுக்குள் ஆறு மீட்டர் நீள மர ஓடம் ஒன்றும், படகு கட்டும் தேக்கு முளைகளும் கிடைத்தன. முசிறித் துறைமுகக் காலத்தவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. வெப்ப நாடு என்பதால் மரம் நிலைக்காது என்று கைவிரிக்க முடியாது. நீர் அறாத அடிச்சேறு இருந்தால் இங்கேயும் நிலைக்கும்.

நம் ஏரிகளும் குளங்களும் கோயில் தெப்பங்களும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படிச் சேறு சேர்த்து வைத்திருக்கின்றன. கோடை வந்தால் பொக்லைன் இறங்குகிறது. தூர்வாருவது வேண்டும், ஏரிக்கு அது உயிர். ஆனால் வண்டல் லாரியில் ஏறும்போது பக்கத்தில் பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும் வேண்டும். வனத்துறை காட்டுக்குள் வெட்டும் நீர்த்தொட்டியாக இருந்தாலும், ஊராட்சி தூர்வாரும் ஏரியாக இருந்தாலும், தொல்லியல் துறைக்கு முன்கூட்டி ஒரு கடிதம் போட்டால் செலவு ஒன்றும் ஆகிவிடாது.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரியில் ஆழச் சேற்றிலிருந்து கருத்த மரம் ஏதாவது வெளிவந்தால், அதில் செதுக்கிய தடம் தெரிந்தால், விறகு என்று இழுத்துப் போடாதீர்கள். கழுவி வெயிலில் வைக்காதீர்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி, சேற்றோடு சேறாக நிழலில் வைத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ அன்றே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.